மோட்டார்ப் பட்டறையில் தொழில் கற்பது
(கீழவைப்பாரில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், பள்ளியில் படிக்கின்ற அல்லது படித்து முடித்த ஒரு பிள்ளை மோட்டார்ப் பட்டறைக்குப் போய், ஒரு மேஸ்திரியிடம் இருந்து ரிப்பேர் வேலை கற்றுக் கொள்ளுவதைப் பற்றியதாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் நட்டையும் போல்ட்டையும் பற்றிப் பேச என்ன இருக்கின்றது என்று சிலர் நினைக்கலாம். நாம் சொல்லுகிறோம், பேச வேண்டியது அங்கேதான் இருக்கின்றது. ஒரு மனிதன் பிறரிடம் பல்லைக் காட்டாமலும், கைகட்டி நில்லாமலும் வாழ வேண்டுமானால் அவனுக்கு ஒரு தொழில் தெரிய வேண்டும். அந்தத் தொழிலை அவன் யாரிடம் கற்றான், எப்படிக் கற்றான், கற்கும்போது மனிதனாக நடத்தப்பட்டானா, மாடாக நடத்தப்பட்டானா என்பதைப் பொறுத்துத்தான் பிற்காலத்தில் அவனுடைய புத்தியும் தைரியமும் அமையும். ஆகவே இது சுயமரியாதையைச் சேர்ந்த விஷயமே ஆகும்.

முதலாவதாக உங்கள் ஊரை எடுத்துக் கொள்ளுவோம். வைப்பாறு கடலோடு கலக்கின்ற இடத்தில் இருக்கும் ஊர் இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். இந்தக் கரையிலிருந்து முத்துக் குளித்த பெருமையை உலகமெல்லாம் பேசுகிறார்கள். ஆனால் மூச்சை அடக்கிப் பல பாகம் ஆழத்துக்கு மூழ்கியவன் எடுத்த முத்து ராஜாக்கள் கழுத்திலும் சீமாட்டிகள் காதிலும் போய்த் தொங்கியதே தவிர, மூழ்கியவன் வீட்டுக் கூரையை அது மாற்றியதா? அந்த முத்துக்குளிப்பும் 1961ஆம் வருஷத்தோடு நின்று போயிற்று. சிப்பி இல்லை என்று ஆனவுடன் பெருமை மாத்திரம் புஸ்தகத்தில் தங்கிற்று. மூழ்கத் தெரிந்த மனிதனோ வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

இன்றைக்கு இந்தக் கரையில் பாய்க்குப் பதிலாக எஞ்சின் வேலை செய்கின்றது. உப்பு ஏற்ற லாரி வருகின்றது. மீன் ஏற்ற வண்டி வருகின்றது. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. உப்புக் காற்று இரும்பைத் தின்னுகின்றது. பாட்டரி முனையில் பூப்புப் பூக்கின்றது. லாரியின் அடிச் சட்டம் பொரிந்து போகின்றது. வள்ளத்து எஞ்சின் நடுக்கடலில் நின்று போனால் அன்றைய பாடு போவது ஒரு பக்கம், உயிருக்கே ஆபத்து வருவது மற்றொரு பக்கம். ஆகவே எஞ்சினின் குணம் தெரிந்த ஒருவன் இந்த ஊருக்கு எவ்வளவு வேண்டியவன் என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பலாமா என்று கேட்டால், "கையெல்லாம் கரியாகுமே, நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்று சில பெற்றோர்கள் தயங்குகின்றார்கள். உடம்பில் அழுக்குப் படாமல் மேஜைக்கு முன் உட்கார்ந்திருப்பவன் மேலானவன், கையில் கரி பட்டவன் கீழானவன் என்கின்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? பாடுபடுகிறவனைக் கீழ் ஜாதி என்றும், பாடுபடாமல் சாப்பிடுகிறவனை மேல் ஜாதி என்றும் எழுதி வைத்ததிலிருந்து வந்ததல்லவா? ஜாதியை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று சொல்லுகிறவர்கள்கூட இந்த எண்ணத்தை மாத்திரம் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கின்றார்கள்.

மோட்டார்த் தொழிலில் ஒரு விசேஷம் இருக்கின்றது. குயவனுக்கு ஒரு குலம், தச்சனுக்கு ஒரு குலம், வண்ணானுக்கு ஒரு குலம், மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு குலம் என்று நம் பெரியவர்கள் கட்டி வைத்தார்கள். ஆனால் கார்புரேட்டருக்கு ஒரு குலத்தைக் கட்டி வைக்க அவர்களால் முடியவில்லை. ஏனென்றால், சாஸ்திரம் எழுதின காலத்தில் மோட்டார் இல்லை. ஆகவே இந்தத் தொழிலுக்குள் நுழைகிறவனைப் பார்த்து, "உன் தகப்பன் இதைச் செய்தானா?" என்று கேட்க யாருக்கும் வாய் இல்லை. எல்லோருடைய தகப்பனும் இதற்குப் புதியவனே! பிறப்பைக் கேளாமல் கைத்திறமையை மாத்திரம் கேட்கின்ற தொழில் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும்போது, அதை அலட்சியம் செய்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

"தொழில் கற்றுக் கொடு என்று நீங்களே சொல்லுகிறீர்களே, அப்படியானால் 1953இல் குலக்கல்வித் திட்டத்தை ஏன் எதிர்த்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வரலாம். நல்ல கேள்விதான். இராஜாஜி அவர்கள் சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் மாத்திரம் படிப்பு, மிச்ச நேரத்தில் தகப்பன் செய்கின்ற தொழிலைக் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். எதிர்ப்பு பலமாகக் கிளம்பி, 1954இல் அவர் பதவியை விட்டுப் போய், காமராஜர் அவர்கள் முதல் மந்திரியான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று எதிர்த்தது தொழிலையா? இல்லை. சிரைக்கிறவன் மகன் சிரைக்கவும், மலம் எடுக்கிறவன் மகன் மலம் எடுக்கவும், வலை இழுக்கிறவன் மகன் வலை இழுக்கவும் சர்க்காரே முத்திரை குத்துவதைத்தான் எதிர்த்தது. ஒருவன் தானாக விரும்பித் தனக்குப் பிடித்த தொழிலை, அதில் கெட்டிக்காரனாக இருக்கும் எவனிடமும் போய்க் கற்றுக்கொள்ளுவது வேறு. பிறந்த வீட்டுத் தொழில் காலில் சங்கிலியாக விழுவது வேறு.

அந்த வாசனை இன்னும் போய்விடவில்லை. 2023ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா என்ற பெயரில் 18 தொழில்களுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தது. படகு கட்டுவதும், மீன் வலை பின்னுவதும் அந்த 18இல் உண்டு. குருவிடம் சீஷன் கற்கும் பரம்பரை, குடும்பத் தொழில் என்கின்ற பேச்சு அதில் இருந்ததால், அதை அப்படியே ஏற்க முடியாது என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2024இல் சொல்லிற்று. "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா?" என்று பழமொழி சொல்லுகிறார்கள். மீன் குஞ்சுக்கு வேண்டாம். மனிதக் குஞ்சுக்கு வேண்டும். முத்துக் குளித்தவர் பேரனாக இருந்தாலும் கற்றுக் கொள்ளாமல் கடலில் தள்ளினால் முழுகித்தான் போவான். கற்றால்தான் வரும் என்று ஏற்பட்டுவிட்டால், யாருக்கும் வரும் என்றுதானே அர்த்தம்?

இதற்கு நம் நாட்டிலேயே கண்கூடான உதாரணம் இருக்கின்றது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். 1893இல் கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு நின்று விட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்து, அது எப்படித் தானாக ஓடுகின்றது என்று ஆச்சரியப்பட்டார். மற்றவர்கள் ஆச்சரியப்பட்டதோடு கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவரோ ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடியும் பூட்டினார். பிறகு கோவையில் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்கார வியாபாரியின் உதவி கிடைத்தது. 1920இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தாமே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யு. எம். எஸ். என்ற பஸ் கம்பெனி. 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின்சார மோட்டார்களில் ஒன்று அவர் தொடர்பில் கோவையிலிருந்து வந்தது. 1945இல் அங்கு ஒரு தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் ஏற்பட முன்னின்றார். வருஷக் கணக்காக நீட்டப்படும் படிப்பைப் பட்டறை வேலையோடு சேர்த்து வெகு குறைந்த காலத்தில் கற்பிக்கலாம் என்பது அவர் கட்சி.

நாயுடு அவர்கள் கதையைச் சொன்னவுடன், "அப்படியானால் பள்ளிக்கூடமே வேண்டாமே" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஆயிரத்தில் ஒருவர் பள்ளி இல்லாமல் முன்னுக்கு வந்தார் என்றால், வராமல் போன மற்ற 999 பேர் எங்கே என்று கேட்பதுதான் பகுத்தறிவு. ஒன்று சொல்லுகிறோம். அவருக்கும் கற்றுக் கொடுக்கக் கையில் ஒரு வண்டியும், நம்பிக் கைகொடுக்க ஒரு மனிதனும் கிடைத்தார்கள். அந்த இரண்டும் கிடைக்காமல் வீணான மூளைகள் நம் கிராமங்களில் கணக்கில் அடங்கா.

மோட்டார் ரிப்பேர் ஆண் பிள்ளை வேலை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1888இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், தம் புருஷர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக் கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டு போனார். உலகத்தில் அவ்வளவு தூரம் மோட்டார் வண்டியில் அதற்கு முன் யாரும் போனதில்லை. வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக் கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைக் கட்டும் பட்டியால் சுற்றினார். பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்தது. செருப்புத் தைக்கும் ஒரு தொழிலாளியிடம் போய் அதற்குத் தோல் தைத்துப் போடச் செய்தார். ஆகவே அந்த முதல் நீண்ட பயணத்தில் வழியில் மோட்டாரை ரிப்பேர் செய்தவர் ஒரு பெண். அந்தப் பிரேக்குக்குத் தோல் போட்டவன் செருப்புத் தைக்கிறவன்! நம் நாட்டில் இந்த இரண்டு பேரையும் அல்லவா, "உனக்கு எதற்கடா அறிவு" என்று ஒதுக்கி வைத்திருந்தோம்?

இனி, பட்டறையில் ஒரு பிள்ளை கற்க வேண்டியது என்ன என்பதைப் பார்ப்போம். ஸ்பேனரைத் திருப்புவது கையின் வேலை. அது பழகினால் வந்துவிடும். கற்க வேண்டிய முக்கியமான காரியம், காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்பதைத்தான். ஓர் உதாரணம் சொல்லுகிறோம். ஒரு டீசல் லாரி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகின்றது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு மேஸ்திரி பையனைப் பார்த்து, "12-13 ஸ்பேனரை எடு, பில்டர் மேல் இருக்கும் நட்டைத் தளர்த்து, கைப் பம்பை அடி, இறுக்கு" என்று சொல்லுகிறார். வண்டி கிளம்பிவிட்டது. பையன் ஒரு வித்தையைக் கற்றான். ஆனால் மறு நாள் அதே வித்தை பலிக்கவில்லை என்றால் விழிப்பான்.

வேறொரு மேஸ்திரி சொல்லுகிறார்: "தம்பி, டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுக்கினால் காற்று சுமார் 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக் கொள்ளும். ஆகவே இரண்டு கேள்வி: காற்று நசுங்குகிறதா? டீசல் பீச்சுகிறதா? டீசல் பீச்ச வேண்டுமானால் குழாயில் அழுத்தம் ஏற வேண்டும். குழாயில் காற்று புகுந்துவிட்டால், காற்று பஞ்சு மாதிரி நசுங்கிக் கொடுக்குமே ஒழிய அழுத்தம் ஏறாது. அதனால்தான் நட்டைத் தளர்த்திப் பம்பை அடித்து, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுகிறோம். காற்று எப்படிப் புகுந்தது? டாங்கி காலியாகி இருக்கலாம், வாஷர் கெட்டிருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம். அதைப் பார்க்காமல் காற்றை மாத்திரம் எடுத்தால் நாளைக்கும் நிற்கும்." இப்படிச் சொல்ல 5 நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இதைக் கேட்ட பையன் லாரியை மாத்திரமா கற்றான்? டிராக்டரையும் கற்றான், உங்கள் வள்ளத்து டீசல் எஞ்சினையும் கற்றான். முதல் பையன் மேஸ்திரிக்கு ஒரு கூடுதல் கை ஆனான். இரண்டாவது பையன் சொந்தப் புத்தியுள்ள ஒரு மனிதன் ஆனான்.

இதை ஒரு கடையில் மாத்திரம் நடக்கும் காரியமாக நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் நின்றால் காரணம் தேடக் கற்ற பிள்ளை, காய்ச்சல் வந்தால் காரணம் தேடுவான். கடன் வந்தால் காரணம் தேடுவான். தான் ஏன் தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்டான் என்பதற்கும் காரணம் தேடுவான். ஆனால் அதே பட்டறையில் புது வண்டி வந்தவுடன் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார்களே, அது என்ன காரணம்? பிரேக் லைனிங்கைப் பார்த்தவனுக்கும், டயரில் காற்றை அளந்தவனுக்கும் எலுமிச்சம்பழம் எதற்கு? எலுமிச்சம்பழம் நசுக்காத நாடுகளில் கார் ஓடவில்லையா? எலுமிச்சம்பழம் நசுக்கிய வண்டி மரத்தில் மோதவில்லையா?

இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. முத்துக் குளிக்கும் காலத்தில் சுறாமீன் கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லி அதன் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கொண்டு "கடல்கட்டி" என்று ஒருவர் இருந்தார். கரையில் நின்று முணுமுணுப்பதுதான் அவர் வேலை. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, இப்படி மீனைக் கட்டும் பிராமணர்களுக்கு எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கு போயிற்று என்று எழுதி வைத்திருக்கின்றார். வெள்ளைக்காரன் ஆட்சியில்கூட அந்த உத்தியோகம் பரம்பரையாக நடந்தது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அந்தப் பரம்பரைக்காரர் கிறிஸ்தவராக இருந்தபோதும் மந்திரம் "பலித்தது" என்று வெள்ளைக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். மதம் மாறியும் பங்கு மாறவில்லை! கடலில் மூழ்கியவன் உயிரைப் பணயம் வைத்தான். கரையில் நின்றவன் பங்கு வாங்கினான். மூழ்குகிறவனை உண்மையில் காப்பாற்றியது எது? மேலே கயிறு பிடித்துக் கொண்டு, கீழே இருப்பவன் ஆட்டினவுடன் இழுத்தானே, அந்தத் தோழனுடைய கவனமல்லவா? தொழில் சொல்லிக் கொடுக்கும் மேஸ்திரி அந்தக் கயிறு பிடிக்கிறவனாக இருக்க வேண்டுமே ஒழிய, கடல்கட்டியாக இருக்கக் கூடாது.

நிற்க. பட்டறையைப் பற்றி நல்லதையே சொல்லிக் கொண்டு போனால் நாம் உண்மை பேசினவர்கள் ஆக மாட்டோம். அங்கு இருக்கும் குற்றங்களையும் சொல்ல வேண்டும்.

முதல் குற்றம், தொழிலை ஒளிப்பது. வருஷக்கணக்கில் டீ வாங்கவும், சக்கரம் கழுவவும், சாமான் எடுத்துக் கொடுக்கவுமே பையனை வைத்துக் கொண்டு, முக்கியமான வேலை வரும்போது "போய் வெளியே நில்" என்று அனுப்பிவிடுகிற மேஸ்திரிகள் உண்டு. கற்றுக் கொடுத்தால் எதிரே கடை வைத்து விடுவான் என்கின்ற பயம். ஏகலைவனிடம் துரோணர் கட்டை விரலைத் தட்சிணையாகக் கேட்டார் என்ற கதையை நமக்குக் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லி வந்தார்கள். கற்றுக் கொடுக்காத குருவுக்குக் கட்டை விரல் தட்சிணையாம்! ஸ்பேனரைப் பிடிப்பதும் அந்தக் கட்டை விரல்தானே?

இரண்டாவது குற்றம், அடி. "அடியாத மாடு படியாது" என்று சொல்லிக் கொண்டு கையில் இருக்கும் ஸ்பேனரை வீசுகிறவர்கள் உண்டு. மாட்டுக்குச் சொன்னதை மனிதனுக்குச் செய்கின்றார்கள். அடிவாங்கின பிள்ளை கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவன் காரணத்தைக் கற்க மாட்டான். பின்பு அவன் மேஸ்திரியாகும்போது, தான் வாங்கியதை வட்டியும் முதலுமாய் அடுத்த பையனுக்குக் கொடுப்பான்.

மூன்றாவது குற்றம், கூலி இல்லாமை. "தொழில் கற்றுக் கொடுக்கிறேனே, கூலி வேறா?" என்கிறார்கள். கற்கும் பிள்ளையின் உழைப்பில் வந்த காசு கல்லாப் பெட்டியில் விழுகின்றதா, இல்லையா? விழுகின்றது என்றால் அதில் அவனுக்கும் பங்கு உண்டு. ஹென்றி போர்டு 1879இல் 16 வயதில் டெட்ராயிட் நகரத்து இயந்திரப் பட்டறையில் கற்கச் சேர்ந்தபோது வாரத்துக்கு இரண்டரை டாலர் வாங்கினார். அது போதாமல் இரவில் கடிகாரம் ரிப்பேர் செய்தார். போதாத கூலிதான், ஆனாலும் கூலி என்று ஒன்று இருந்தது.

நாலாவது குற்றம், உயிரைப் பற்றிக் கவலையின்மை. ஜாக்கி ஒன்றை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் பையனைப் படுக்க வைப்பதும், கதவு மூடின கொட்டகையில் எஞ்சினை ஓட விட்டு, மணமும் நிறமும் இல்லாத விஷ வாயுவைச் சுவாசிக்க வைப்பதும், சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுவதும், பாட்டரி சார்ஜ் ஆகும் இடத்தில் பீடி பற்ற வைப்பதும் வழக்கமாக நடக்கின்றன. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மாத்திரமே. தூக்கின வண்டியைத் தாங்கி நிற்க உறுதியான ஸ்டாண்டு வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காதவன் வேறு எதைச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

இதில் மற்ற நாட்டார் எப்படி நடந்து கொள்ளுகிறார்கள் என்று பார்ப்போம். ஜெர்மனியில் மோட்டார் மெக்கானிக்காக விரும்பும் பிள்ளை ஒரு பட்டறையோடு ஒப்பந்தம் செய்து கொள்ளுகின்றான். வாரத்தில் 3, 4 நாள் பட்டறையில் வேலை. 1, 2 நாள் தொழிற்பள்ளியில் படிப்பு. மொத்தம் மூன்றரை வருஷம். முதல் மாதத்திலிருந்தே சம்பளம். வருஷத்துக்கு வருஷம் உயர்வு. கடைசியில் பரீட்சை, தேறினால் நாடு முழுவதும் செல்லும் சர்ட்டிபிகேட். 1969இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்திருக்கின்றார்கள். முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். கற்றுக் கொள்ளுகிறவனுக்கு மாத்திரமல்ல, கற்றுக் கொடுக்கிறவனுக்கும் அங்கு பரீட்சை உண்டு. வேலை தெரிந்தால் போதாது, சொல்லிக் கொடுக்கவும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் முறை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. கற்கிறவனுக்கு உதவித்தொகை கொடுத்தே தீர வேண்டும் என்கின்றது அது. ஆனால் 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது கட்டாயம். 4 பேருக்குக் குறைந்த கடைகள் அதற்குள் வருவதே இல்லை. நம் பிள்ளைகளோ பெரும்பாலும் ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களும் இருக்கின்ற புளியமரத்தடிக் கொட்டகையில்தான் கற்கின்றார்கள். சட்டத்தின் நிழல் அந்தப் புளிய மரம் வரைக்கும் எட்டவில்லை. பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது, 18 வயது வரை அபாயமான தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சிறு பிள்ளைகள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதிலும் ஒரு சந்து விட்டிருக்கின்றார்கள். குலத்தொழில் எந்தச் சந்தில் நுழையும் என்று பார்த்துக் கொண்டே இருக்க வேண்டியிருக்கின்றது.

எனவே நாம் சொல்லும் வழி இது. முதலில் பத்தாவது வரையிலாவது பள்ளி. அதன் பின் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம். மோட்டார் மெக்கானிக் பிரிவு 2 வருஷம். டீசல் மெக்கானிக் பிரிவு 1 வருஷம். உங்களுக்குத் தூரமில்லாத வேப்பலோடையிலேயே ஒரு நிலையம் இருக்கின்றது, தூத்துக்குடியிலும் இருக்கின்றது. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு என்று முன்னமே விசாரித்துச் சேருங்கள். அதோடுகூட ஒரு நல்ல பட்டறை. ஏட்டில் மாத்திரம் கற்றவன் போல்ட்டின் தலையை உடைப்பான். கையால் மாத்திரம் கற்றவன் புது வண்டி வந்தால் விழிப்பான். இரண்டும் வேண்டும். படிக்க முடியாமல் பட்டறையிலேயே வருஷக்கணக்கில் உழைத்தவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். அவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதிச் சர்ட்டிபிகேட் வாங்க வழியிருக்கின்றது. விசாரித்து எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், மோட்டாரே மாறிக் கொண்டிருக்கின்றது. 2020 ஏப்ரல் முதல் புது மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் போய், கம்ப்யூட்டர் சொல்லுகிறபடி பெட்ரோலைப் பீச்சும் முறை வந்துவிட்டது. உங்கள் தூத்துக்குடியிலேயே வியட்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனி 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 50,000 கார் செய்யும் சக்தியுள்ளது என்கிறார்கள். அந்தக் காரில் பிளக் இல்லை, கார்புரேட்டர் இல்லை, டீசல் பம்பு இல்லை. ஆனால் பிரேக் உண்டு, டயர் உண்டு, ஸ்டியரிங் உண்டு. சில நூறு வோல்ட்டு மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பியும் உண்டு. அதைத் தெரியாமல் தொட்டால் தப்பு செய்தோம் என்று நினைக்கக்கூட அவகாசம் இராது. எந்த நட்டு எங்கே என்று மாத்திரம் கற்றவனுடைய தொழில், அந்த நட்டோடு போய்விடும். ஏன் என்று கேட்கக் கற்றவனுக்கு எந்த வண்டி வந்தாலும் பிழைப்பு உண்டு. முத்துச் சிப்பி போனபோது மூழ்கத் தெரிந்தவன் கைவிடப்பட்டது போல, எஞ்சின் போகும்போது நம் பிள்ளைகள் கைவிடப்படக் கூடாது என்பதுதான் நம் கவலை.

ஆகையால் மேஸ்திரிமார்களே! நீங்களும் பாடுபட்டுக் கற்றவர்கள்தான். உங்களைக் குறை சொல்லுவதற்காக நாம் இங்கு வரவில்லை. பையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வேலையைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாரக் கூலியைக் கையில் கொடுங்கள். இத்தனை மாதத்தில் இன்னின்ன வேலை கற்றுத் தருவேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். உங்களிடம் கற்றவன் எதிரில் கடை வைத்தால், இன்னாரிடம் கற்றவன் என்று உங்கள் பேரும் அங்கே நிற்கும்.

பெற்றோர்களே! பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவுடன் கடமை தீர்ந்தது என்று திரும்பி விடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் போய், "என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். டீ வாங்கக் கற்றேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள். உங்கள் பெண் பிள்ளை எஞ்சினைப் பார்த்து ஆசைப்பட்டால் அவளையும் அனுப்புங்கள். உப்பளத்தில் உப்பு வாருவதற்குப் பெண்ணின் கை ஆகும், ஸ்பேனர் பிடிக்க மாத்திரம் ஆகாதா?

வாலிபத் தோழர்களே! கையில் பட்ட கரி சோப்புக்குப் போய்விடும். ஏன் என்று கேட்க வெட்கப்பட்டால் வருகிற அறியாமை எந்தச் சோப்புக்கும் போகாது. மேஸ்திரியிடத்தில் மரியாதை வையுங்கள். அவர் காலில் விழாதீர்கள். அவர் சொன்னதைச் செய்யுங்கள். செய்தபின் ஏன் என்று கேளுங்கள். பிற்காலத்தில் நீங்கள் மேஸ்திரியாகும்போது, உங்களிடம் ஒரு பையன் ஏன் என்று கேட்டால் கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்தப் பையன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று மாத்திரம் கேட்காதீர்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே இந்தக் கரையில் ஒவ்வொரு பட்டறையும் ஒரு பள்ளிக்கூடமாகிவிடும்.